பைக் க்ளட்ச் போயிடுச்சா? 'ஃபுல் செட்' வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்கு தினமும் ஷிஃப்ட்டுக்குப் போய் வருபவர், செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் பொம்மைப் பெட்டிகளைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு ஜங்ஷன் வரை ஓட்டுபவர், முந்திரி மூட்டையோடு சந்தைக்குக் கிளம்புபவர்... இவர்கள் எல்லோருக்கும் பைக் என்பது வேலைக்கான கருவி. இவர்கள் வண்டிகளில் என்றாவது ஒருநாள் வரும் பொதுவான நோய் ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது.

ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், "க்ளட்ச் போயிடுச்சு தம்பி, ஃபுல் செட்டா மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். "எவ்வளவுண்ணே ஆகும்?" என்று கேட்டால், அடுத்த கேள்வி வரும்: "ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவா?"

பலருக்கும் இந்த இடத்தில்தான் தலை சுற்றும். 'செட்' என்றால் எதெல்லாம்? எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டுமா? 'லோக்கல்' போட்டால் என்ன ஆகும்? கவரைத் திறந்து, அளந்து பார்ப்பதற்கு முன்பே பார்ட்ஸ் வாங்கிவிடுவதுதான் இந்த வேலையில் பணத்தை அதிகம் வீணாக்கும் பழக்கம். சில நேரம் தேவையில்லாத பொருளுக்குக் காசு போகும். சில நேரம் தேவையான சின்ன பொருள் விட்டுப்போய், இரண்டே மாதத்தில் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

முதலில், பிரச்னை க்ளட்ச்சில்தானா?

க்ளட்ச்சில் வரும் கோளாறுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஸ்லிப் ஆவது. டாப் கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் இன்ஜின் சுழற்சி சட்டென ஏறும். வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாது. மேம்பாலம் ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் இது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, க்ளட்ச் முழுதாக விடாமல் இழுப்பது. லிவரை முழுதாகப் பிடித்திருந்தும் முதல் கியரில் வண்டி மெல்ல நகரும். சிக்னலில் நியூட்ரல் விழாது. கியர் போடும்போது 'டக்' என்று அடிக்கும்.

மூன்றாவது, அதிர்வும் சத்தமும். வண்டி கிளம்பும்போது குலுங்கும், அல்லது வலது பக்க கவருக்குள் கடகடவென்று சத்தம் வரும்.

இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. அதனால் மாற்ற வேண்டிய பார்ட்ஸும் வேறு வேறு. ஸ்லிப் என்றால் பிளேட், ஸ்பிரிங் பக்கம் பார்க்க வேண்டும். நியூட்ரல் விழவில்லை என்றால் கேபிள், வளைந்துபோன ஸ்டீல் பிளேட், பள்ளம் விழுந்த ஹவுசிங் பக்கம் பார்க்க வேண்டும். சத்தம் என்றால் ஹவுசிங்கின் ரிவெட், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. க்ளட்ச் லிவரை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகும் வரை லிவரின் நுனி கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இந்த ஆட்டம் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லை என்றால், நீங்கள் கையை எடுத்த பிறகும் க்ளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே ஓடுகிறது என்று அர்த்தம். நாள் முழுக்க ஆஃப் க்ளட்ச்சில் ஓட்டுவது போல. அளவுக்கு மேல் ஆடினால் க்ளட்ச் முழுதாக விடாது.

அட்ஜஸ்டர் நட்டைத் திருகினாலோ, நார் பிரிந்த கேபிளை மாற்றினாலோ சரியாகிவிடும் வண்டிக்கு, பிளேட் செட் வாங்குவது வீண் செலவு. ஆயிலை சமீபத்தில் மாற்றினீர்களா, அதன் பிறகுதான் ஸ்லிப் ஆரம்பித்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆயில் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

கியர் உள்ள பெரும்பாலான பைக்குகளில் இருப்பது 'வெட் மல்டி பிளேட்' க்ளட்ச். அதாவது, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்யும் பல தட்டுகள்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிண்ணம் போன்ற பாகம் க்ளட்ச் ஹவுசிங். இதை 'அவுட்டர்' என்றும் சொல்வார்கள். கியர் பாக்ஸோடு சேர்ந்து சுற்றும் நடுப்பாகம் ஹப், அல்லது 'சென்டர்'. ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளின் காதுகள் ஹவுசிங்கின் பள்ளங்களில் மாட்டியிருக்கும். கடைகளில் 'க்ளட்ச் பிளேட்' என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். இவற்றுக்கு இடையில் ஒன்று விட்டு ஒன்றாக வழவழப்பான ஸ்டீல் பிளேட்டுகள்; அவற்றின் பற்கள் ஹப்பில் மாட்டியிருக்கும். மொத்த அடுக்கையும் ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும். லிவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், இன்ஜின் தனியாகச் சுற்றும். லிவரை விட்டால் அடுக்கு இறுகும், இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகும்.

இந்தப் பிடி நான்கு விஷயங்களைப் பொறுத்தது: உரசும் பக்கங்களின் எண்ணிக்கை, உரசும் பொருளின் தன்மை, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் விட்டம். எண்ணிக்கையும் விட்டமும் கம்பெனி முடிவு செய்தவை. நாம் பார்ட்ஸ் மாற்றும்போது மாறக்கூடியவை உரசும் பொருளும் ஸ்பிரிங்கும்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும் 0.3 மி.மீ. தேய்ந்தால் அது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால், 5 பிளேட் உள்ள வண்டியில் மொத்த அடுக்கு 1.5 மி.மீ. சுருங்கிவிடும். அந்த அளவுக்கு ஸ்பிரிங் விரிந்துகொள்ளும். விரிந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும். பிளேட் தேய்ந்தால் பிடி குறைவது இதனால்தான். பழைய, களைத்துப்போன ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் புதிதாகப் போட்டாலும் பாதி வேலைதான் நடக்கும் என்பதற்கும் இதுவே காரணம்.

லிஸ்ட் போட வேண்டியது கவரைத் திறந்த பிறகுதான்

"திறந்து பாத்துட்டு, எதெல்லாம் தேவைன்னு சொல்லுங்கண்ணே. பார்ட்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அளப்பதற்குத் தேவை ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஃபீலர் கேஜ், தட்டையான கண்ணாடித் துண்டு. அவ்வளவுதான்.

ஃப்ரிக்‌ஷன் பிளேட்: தடிமனை மூன்று, நான்கு இடங்களில் அளக்க வேண்டும். புதிதில் சுமார் 3 மி.மீ. இருக்கும் பிளேட்டுக்கு 2.6 மி.மீ. வரை தேயலாம் என்று எல்லை வைப்பது பல சிறிய பைக்குகளில் வழக்கம். உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். தடிமன் போதுமானதாக இருந்தாலும், மேற்பரப்பு கருகிப் பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் அந்த பிளேட் பிடிக்காது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு 'கிளேஸ்' என்ற சொல் பழக்கமானது. பீங்கான் கப்புக்கு அந்தப் பளபளப்பு அழகு. க்ளட்ச் பிளேட்டுக்கு அதுவே நோய். காதுகள் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டீல் பிளேட்: இது லேசில் தேயாது. ஆனால், சூடேறினால் வளையும். சூளையில் வளைந்து வந்த டைல் தரையில் சரியாக உட்காராது இல்லையா, அதே கதைதான். கண்ணாடியின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பல மாடல்களில் 0.2 மி.மீ. வளைவு வரைதான் அனுமதி. சிலவற்றில் அதைவிடக் குறைவு. நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் பிளேட் கடும் சூட்டைப் பார்த்திருக்கிறது என்று பொருள், மாற்றிவிடுவதே நல்லது. தட்டையாக, கோடு விழாமல், நிறம் மாறாமல் இருந்தால் மறுபடி தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஸ்பிரிங்: அழுத்தாத நிலையில் அதன் நீளத்தை அளக்க வேண்டும். மேனுவல் சொல்லும் எல்லைக்குக் கீழே ஒன்று வந்தாலும் எல்லா ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்று போட்டால் பிரஷர் பிளேட் கோணலாக அழுத்தும். மொத்த வேலையில் இது மலிவான பொருள் என்பதால், பிளேட் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவதில் நஷ்டமில்லை.

ஹவுசிங், ஹப்: பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து ஹவுசிங் விரல்களில் பள்ளம் விழும். லிவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் வழுக்கி விலகாமல் அந்தப் பள்ளத்தில் சிக்கும். நியூட்ரல் விழாத வண்டிகளில் இது அடிக்கடி காணப்படும் காரணம். லேசான தடம் என்றால் அரம் போட்டுச் சமன் செய்யலாம். ஆழமான பள்ளத்தை அரம் போட்டுக் கரைத்தால் இடைவெளி அதிகமாகி, இடிக்கும் சத்தம் வரும். அப்போது ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். அது சரியாக இருக்கும்போது 'அசெம்ப்ளியா மாத்திடலாம்' என்று யாராவது சொன்னால், "ஹவுசிங்ல என்னண்ணே பிரச்னை, காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சின்ன பொருட்கள்: கவர் பேக்கிங், ஓ-ரிங், கிக் ஷாஃப்ட் ஆயில் சீல், லிஃப்டர் பேரிங், நடு நட்டின் லாக் வாஷர். இவற்றின் விலை மொத்தச் செலவில் கொஞ்சம்தான். ஆனால், பழைய பேக்கிங்கை ஒட்டி ஒப்பேற்றினால் ஆயில் கசியும்; கவரை மறுபடி கழற்ற வேண்டி வரும். லிஸ்ட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை இந்தச் சின்ன பொருட்கள்தான்.

ஜெனுயின், சப்ளையர், லோக்கல்: வித்தியாசம் என்ன?

கடையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வண்டி கம்பெனியின் பெயரிலேயே வரும் 'ஜெனுயின் பார்ட்ஸ்'. விலை அதிகம் என்றாலும் அளவு பற்றிய சந்தேகம் இருக்காது.

இரண்டாவது, வண்டி கம்பெனிகளுக்கு க்ளட்ச் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்பவை. பெரும்பாலான பைக் கம்பெனிகள் க்ளட்ச்சை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. ஜப்பானின் ஹமாமட்சு நகரைச் சேர்ந்த எஃப்.சி.சி., மகாராஷ்டிராவின் அவுரங்காபாத்தில் வளர்ந்த எண்டூரன்ஸ் டெக்னாலஜிஸ் போன்றவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். உங்கள் மாடலுக்கு அப்படிப்பட்ட நிறுவனத்தின் பெட்டி கிடைத்தால், ஜெனுயினைவிடக் குறைந்த விலையில் ஒத்த தரம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, ஆஃப்டர் மார்க்கெட் பிராண்டுகள். தன் பெயர், முகவரி, பார்ட் நம்பரை வெளிப்படையாகப் போட்டு விற்பவை. இதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. 'லோக்கல்' என்ற ஒரே சொல்லில் இவை எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

நான்காவது, போலி. அடுத்தவர் பெயரை ஒட்டி வருவது. மூன்றாவது வகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. முன்னது மலிவான பொருள். பின்னது ஏமாற்று.

சரி, மலிவானது உண்மையிலேயே மலிவுதானா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடலாம். லேபர், ஆயில், பேக்கிங் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய் பிளேட் செட் போட்டால் மொத்தம் 1,500. 400 ரூபாய் செட் போட்டால் 1,100. பார்க்க லாபம்தான். ஆனால், மலிவான செட் பாதி நாளே உழைத்தால், அதே காலத்துக்கு இரண்டு முறை 1,100 கொடுத்து 2,200 ஆகும். அதற்கு மேல் ஒரு நாள் வேலையும் கெடும். பிளேட்டின் விலை மாறலாம்; கவரைத் திறந்து மூடும் கூலி மாறாது. உழைப்புக் கூலி அதிகமுள்ள வேலைகளில் பொருளில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மாடல் பெயர் மட்டும் போதாது

"ஸ்ப்ளெண்டருக்கு க்ளட்ச் செட் குடுங்கண்ணே."

"எந்த ஸ்ப்ளெண்டர் தம்பி? எந்த வருஷம்?"

பாலக்கரை பக்கமோ, ஜங்ஷன் ரோட்டிலோ, சென்னை ஜி.பி. ரோட்டிலோ, விவரம் தெரிந்த கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அவர் கேட்பது சரிதான். ஸ்ப்ளெண்டர் 1994-லிருந்து விற்பனையில் இருக்கிறது. பிளஸ், சூப்பர், ஐ-ஸ்மார்ட் என்று பல வடிவங்கள் வந்துவிட்டன. 2001-ல் வந்த பல்சரும் அப்படித்தான், சி.சி. வாரியாக நீண்ட பட்டியல். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபோது பல இன்ஜின்களில் உள்பாகங்களும் மாறின. வெளியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே பிளேட்டின் எண்ணிக்கையும் தடிமனும் வேறாக இருக்கலாம்.

அதனால், கடைக்குப் போகும்போது மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதமும் ஆண்டும். இரண்டு, சேசிஸ் நம்பர். மூன்று, பார்ட்ஸ் கேட்டலாக்கில் உள்ள பார்ட் நம்பர். ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் சேசிஸ் நம்பரைச் சொன்னால் பார்ட் நம்பரைப் பார்த்துச் சொல்வார்கள். பழைய நம்பருக்குப் பதில் புது நம்பர் வந்திருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். முடிந்தால் பழைய பிளேட் ஒன்றையும் கையோடு எடுத்துப் போய், விட்டம், பற்களின் எண்ணிக்கை, காதுகளின் அகலம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் ஒரே அடுக்கில் இரண்டு வகை ஃப்ரிக்‌ஷன் பிளேட் இருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று வாங்கிவிட்டால் கடைசி பிளேட் பொருந்தாது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பேக் செய்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம்-ஆண்டு, எம்.ஆர்.பி., எண்ணிக்கை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள். இதில் ஏதாவது ஒன்று இல்லை என்றாலே யோசிக்க வேண்டும்.

லேபிளில் கியூ.ஆர். குறியீடு இருந்தால் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் கேட்டலாக் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, ஒட்டிய லேபிளுக்கு மேல் இன்னொரு லேபிள் ஆகியவை எச்சரிக்கை மணிகள்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஹீரோ-ஹோண்டா கூட்டணி பிரியும் முடிவு 2010 டிசம்பரில் வந்தது. 2011-ல் கம்பெனியின் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. பெட்டியில் 'ஹீரோ ஹோண்டா' என்ற பழைய பெயரும், தயாரிப்புத் தேதியாக போன வருஷமும் இருந்தால் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பிளேட்டையே எடுத்துப் பார்த்தாலும் சில விஷயங்கள் புரியும். ஒட்டிய உரசு துண்டுகளின் இடைவெளி சீராக இருக்க வேண்டும். நகத்தால் நெருடினால் உதிரக் கூடாது. ஒரு செட்டில் உள்ள பிளேட்டுகளின் தடிமன் ஒன்றுக்கொன்று வேறுபடக் கூடாது. கடையிலேயே காலிப்பர் வைத்து அளந்து பார்க்கலாம். நல்ல கடைக்காரர் அதைத் தடுக்க மாட்டார். முழு அசெம்ப்ளியின் விலை ஜெனுயின் பிளேட் செட்டின் விலையைவிடக் குறைவாக இருந்தால், அங்கே ஆசைப்படாமல் நகர்ந்துவிடுவது உத்தமம்.

கார்க், பேப்பர், கெவ்லார், செராமிக்: எது நல்லது?

பெட்டியின் மேல் இப்போது பெரிய பெரிய வார்த்தைகள் அச்சாகின்றன. அவற்றின் அர்த்தம் இதுதான்.

கார்க் என்பது ஓக் வகை மரம் ஒன்றின் பட்டையிலிருந்து வருவது. கார்க் துகளும் ரப்பரும் சேர்த்துச் செய்த பிளேட் மென்மையாகப் பிடிக்கும். ஆனால், கடும் சூட்டைத் தாங்காது. 'பேப்பர்' என்றால் நோட்டுப் புத்தகக் காகிதம் இல்லை. நார்களையும் நிரப்புப் பொருட்களையும் பிசினில் ஊறவைத்து, நுண்துளைகளோடு செய்த உரசு பொருள். அந்தத் துளைகளில் ஆயில் புகுந்து சூட்டை எடுத்துச் செல்லும். கெவ்லார் என்பது 1965-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இழை. குண்டு துளைக்காத ஜாக்கெட்டில் இருப்பதும் இதுதான். இதைச் சேர்த்த பிளேட்டுகள் சூட்டை நன்கு தாங்கும்.

செராமிக்? செராமிக் ஊர்க்காரர்கள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனால், க்ளட்ச்சில் சொல்லும் செராமிக்குக்கும் கப், ஃபியூஸ், அகல் விளக்கு செய்யும் பீங்கானுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உலோகத் தூளோடு கடினமான செராமிக் துகளைச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய வில்லைகள் அவை. லாரி, டிராக்டர், ரேஸ் கார்களின் உலர் க்ளட்ச்சில் பயன்படுபவை. பட்டென்று பிடிக்கும். டிராஃபிக்கில் மெதுவாக நகரும் 100 சி.சி. பைக்குக்கு அந்தக் குணம் பொருந்தாது. பைக்கில் பீங்கானின் உண்மையான இடம் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்துதான்.

தினசரி ஓட்டும் வண்டிக்கு, கம்பெனி எந்த வகைப் பொருளைக் கொடுத்ததோ அதே வகைதான் சரி. 'ரேசிங்' பிளேட், 'ஹார்டு' ஸ்பிரிங் எல்லாம் இன்ஜினை டியூன் செய்தவர்களுக்கானவை. ஹார்டு ஸ்பிரிங் போட்டால் பிடி கூடும், உண்மைதான். கூடவே லிவரும் கல் மாதிரி ஆகும். கேபிள் சீக்கிரம் அறும். அசிஸ்ட்-ஸ்லிப்பர் க்ளட்ச் உள்ள புது வண்டிகளில் ஸ்பிரிங்கின் வலிமையே வேறு கணக்கில் வைத்தது. அங்கே சொந்தமாகப் பரிசோதனை செய்யவே கூடாது.

புது பிளேட்டைக் கெடுக்கும் பழைய ஆயில்

வெட் க்ளட்ச்சில் ஆயிலும் ஒரு பார்ட்தான். கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கல் கூட்டும் சேர்மானம் இருக்கும். கார் இன்ஜினுக்கு அது நல்லது. ஆயிலிலேயே ஊறும் பைக் க்ளட்ச் அதில் வழுக்கும். இதற்காகவே ஜப்பானில் ஜே.ஏ.எஸ்.ஓ. என்ற தரக் குறியீடு உருவானது. டப்பாவின் பின்பக்கம் 'எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருந்தால் வெட் க்ளட்ச் பைக்குக்கு ஏற்றது. 'எம்.பி.' என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. கியர் பைக்கில் ஊற்ற வேண்டாம்.

க்ளட்ச் ஸ்லிப் ஆன வண்டியின் ஆயிலில் கருகிய துகள்கள் மிதக்கும். அதையே வடிகட்டி மறுபடி ஊற்றுவது, புது பிளேட்டுக்கு முதல் நாளே கெடுதல். ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிகளில் அதே வலது கவருக்குள் சுழலும் ஆயில் ஃபில்டரும், வலை ஃபில்டரும் இருக்கும். கவர் திறந்திருக்கும்போதே அவற்றையும் சுத்தம் செய்துவிடச் சொல்லுங்கள். அதற்காகத் தனியாக ஒருமுறை கவரைக் கழற்றத் தேவையிருக்காது.

மாட்டும்போது கேட்க வேண்டியவை

புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். உலர்ந்தபடி மாட்டினால் முதல் சில நிமிடங்களிலேயே மேற்பரப்பு கருகும். சில மாடல்களில் பிளேட்டைக் கழற்ற நடு நட்டைத் திறந்தாக வேண்டும். அதற்கென ஸ்பெஷல் டூல் இருக்கிறது. உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் நட்டும் போகும், ஷாஃப்ட்டும் பாதிக்கும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் அலுமினியப் பாகம் விரிசல் விடும். கடைசியாக, கேபிள் ஆட்டத்தைப் புதிதாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை ஆஃப் க்ளட்ச்சில் ஏற்றுவது, அதிக லோடு, முறுக்கிக் கிளப்புவது எல்லாம் வேண்டாம். பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிய நேரம் கொடுங்கள். விரலை எப்போதும் லிவரின் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால், பழைய செட் சீக்கிரம் தேய்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆக்டிவா, ஜூபிடர் போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் இருப்பது பெல்ட்டோடு சேர்ந்த உலர் வகை சென்ட்ரிஃபியூகல் க்ளட்ச். அங்கே பார்க்க வேண்டியது ஷூ, பெல், ரோலர், பெல்ட் ஆகியவை.

பில் வாங்கினால்தான் உரிமை

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதமாக 18 சதவீத ஜி.எஸ்.டி. பைக் பார்ட்ஸுக்கு அதற்கு முன் 28 சதவீதம் இருந்தது. எனவே, பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய பெட்டி கிடைத்தால் இப்போதைய விலை என்ன என்று கேளுங்கள்.

பார்ட் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உண்மையில் எதை மாற்றினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கேட்டலாக்கும் பழுது நீக்கும் விவரமும் தேடுபவர்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு.

அடுத்தவர் டிரேட் மார்க்கை ஒட்டிப் போலியை விற்பது 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஏமாந்தவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பேச்சில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விருத்தாசலம்காரர்களுக்கு அது கடலூரில். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால், இதற்கெல்லாம் முதல் ஆதாரம் அந்த பில்தான்.

சுருக்கமாக...

ஸ்லிப் என்றால் முதலில் கேபிளும் ஆயிலும். பிறகு கவரைத் திறந்து அளவு. ஃப்ரிக்‌ஷன் பிளேட் மாற்றினால் முழு செட்டாக, கூடவே ஸ்பிரிங், பேக்கிங், ஆயில். ஸ்டீல் பிளேட் வளைந்திருந்தால் மட்டும். ஹவுசிங்கில் ஆழமான பள்ளம் இருந்தால் மட்டும். பிராண்ட் எதுவாக இருந்தாலும் பார்ட் நம்பர் பொருந்த வேண்டும், பெட்டியில் முகவரி இருக்க வேண்டும், கையில் பில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை "ஃபுல் செட்டா மாத்திடலாமா தம்பி?" என்ற கேள்வி வந்தால், பதில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அளந்து பாத்தீங்களாண்ணே?"